முத்திரையில் 'சயாம்' என்று இருந்தால் 1939க்கு முந்தையதா?

மலேசியாவின் கெடா மாநிலத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். பெயரையும் ஊரையும் விட்டுவிட்டுக் கடிதத்தின் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவருடைய அம்மா சென்ற ஆண்டு காலமானார். அப்பா முன்பே போய்விட்டார். உயில் எதுவும் இல்லை. அண்ணன், இவர், தங்கை என்று மூன்று பிள்ளைகள். அம்மாவின் அலமாரியில் இருந்த பிஸ்கட் டின்னில் மூன்று வெள்ளிப் பொருட்கள் கிடைத்தன. ஏழு தகடுகளைக் கோத்த ஒரு பிரேஸ்லெட். கறுப்புப் பின்னணியில் வெள்ளியாய் நாட்டிய உருவங்கள். வெள்ளை எனாமல் பூசிய ஒரு புரூச், அதன் பழைய அட்டைப் பெட்டியோடு. மூடி போட்ட சிறிய உருண்டை டப்பி ஒன்று. பிரேஸ்லெட்டின் பின்னாலும் புரூச்சின் பின்னாலும் ஆங்கிலத்தில் 'சயாம் ஸ்டெர்லிங்' என்று அடித்திருக்கிறது. டப்பியில் முத்திரையே இல்லை. அடிப்பக்கத்தில் ஏதோ கீறல்கள் மட்டும். "தாத்தா சயாம் ரயில் வேலையிலிருந்து கொண்டுவந்தது" என்று அம்மா சொல்லுவாராம்.

சயாம் என்ற நாட்டுப் பெயர் 1939இல் தாய்லாந்து என்று மாறிவிட்டதால் முத்திரை உள்ள இரண்டும் அதற்கு முந்தையவை என்று அண்ணன் எங்கோ படித்திருக்கிறார். பினாங்கில் பழம்பொருள் வாங்குகிற ஒருவரிடமும் பேசிவிட்டார். "போருக்கு முந்தையது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தால் அந்த இரண்டுக்கும் நல்ல விலை தருவாராம். டப்பியை எடைக்குத்தான் எடுப்பாராம். சகோதரியின் குழப்பம் இதுதான்: "1939க்கு முந்தையது என்றால் தாத்தா போர்க்காலத்தில் எப்படி வாங்கினார்? அம்மா சொன்னது பொய்யா? முத்திரை இல்லாத டப்பி போலியா? விற்கலாமா?"

அன்புச் சகோதரி,

மற்றதெல்லாம் பிறகு. வெள்ளியை முக்கி எடுத்தால் பளபளக்கும் என்று கடையில் விற்கிறார்களே ஒரு திரவம், அதை அண்ணன் வாங்கி வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். இந்த மூன்றில் ஒன்றைக்கூட அதில் போட்டுவிடாதீர்கள். வெள்ளி கறுப்பது அதன் மேல் படியும் வெள்ளி சல்பைடால். அந்தத் திரவம் கரைத்து எடுப்பது அதைத்தான். உங்கள் பிரேஸ்லெட்டில் நாட்டியப் பெண்களைச் சுற்றியுள்ள கறுப்பு அழுக்கு இல்லை, சாயமும் இல்லை. வெள்ளி, செம்பு, ஈயம் மூன்றையும் கந்தகத்தோடு உருக்கிச் செய்த கலவை அது. அதுவும் சல்பைடுதான். முக்கினால் அழுக்கோடு சேர்த்து வேலைப்பாட்டையும் தின்னத் தொடங்கிவிடும். கறுப்பு சாம்பல் பூத்துப்போகும். ஒருமுறை போனால் போனதுதான். வீட்டில் யாராலும் சரிசெய்ய முடியாது.

இந்த வேலைக்கு மேற்கத்தியர் வைத்த பெயர் நியெல்லோ. தாய்லாந்துக்காரர்கள் 'தோம்' என்பார்கள். தெற்குத் தாய்லாந்தில் உள்ள நகோன் சி தம்மராத் இதற்குப் பேர்போன ஊர். வெள்ளித் தகட்டில் உருவத்தை மட்டும் விட்டுவிட்டுச் சுற்றியுள்ள இடத்தைச் சீவுளியால் பள்ளமாக்குவார்கள். கறுப்புக் கலவையைப் பொடியாக்கி வெங்காரத்தோடு அந்தப் பள்ளத்தில் நிரப்பிச் சூடு காட்டுவார்கள். அது உருகிப் பரவி ஆறியதும் அரத்தால் ராவி, உருவமும் கறுப்பும் ஒரே மட்டத்துக்கு வரும்வரை தேய்ப்பார்கள். விரலால் தடவினால் மேடு பள்ளம் தெரியாமல் இருப்பது நல்ல வேலை. நீங்களே தடவிப் பாருங்கள்.

'சயாம்' என்ற சொல்லுக்கு வருவோம்

அண்ணன் படித்ததில் பாதி சரி. பிபுன் சொங்க்ராம் பிரதமராக இருந்தபோது, 1939 ஜூன் 24 அன்று, சயாம் தாய்லாந்து ஆனது. ஆனால் போர் முடிந்ததும், 1945இல், வெளிநாட்டாரோடு பழகும் பெயராக மறுபடியும் சயாமே வந்தது. 1949 மே மாதம்தான் திரும்பத் தாய்லாந்து ஆகி, அதுவே நிலைத்தது. ஆக, அரசாங்கக் கணக்கிலேயே 1945க்கும் 1949க்கும் நடுவில் அது சயாம்தான். அந்த ஆண்டுகளில் 'சயாம்' என்று அடித்த பொருள் எதுவும் பொய் சொல்லவில்லை.

அதைவிட முக்கியமான விஷயம், இந்த முத்திரையை அடித்தது அரசாங்கமே இல்லை. பிரிட்டனில் வெள்ளியைச் சோதித்து முத்திரையிடத் தனி அலுவலகங்கள் உண்டு. அங்கே ஆண்டுக்கு ஓர் எழுத்து என்று வைத்திருப்பதால், எழுத்தைப் பார்த்து ஆண்டைச் சொல்லிவிடலாம். சயாமில் அப்படி ஆண்டெழுத்து முறை இருந்ததில்லை. பட்டறைக்காரரோ கடைக்காரரோ தாங்களே ஓர் எஃகு அச்சு வெட்டிவைத்து அடித்துக்கொண்டார்கள். யாருக்காக? 'ஸ்டெர்லிங்' என்ற சொல்லிலேயே பதில் இருக்கிறது. ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி என்ற அந்த அளவு இங்கிலாந்துக்காரருக்கும் அமெரிக்கருக்கும் பழக்கமான அளவு. இறக்குமதிப் பொருளில் அது செய்யப்பட்ட நாட்டின் பெயர் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும் என்று அமெரிக்கா 1890லேயே சட்டம் போட்டது. அதனால் இந்த முத்திரை வெளிநாட்டு வாடிக்கையாளரை மனத்தில் வைத்து அடித்தது. அந்த வாடிக்கையாளருக்கு 'சயாம்' என்ற பெயரில் ஒரு மயக்கம் இருந்தது. நாட்டின் பெயர் மாறியது என்பதற்காக நன்றாக ஓடுகிற பெயரை எந்த வியாபாரி விடுவார்? கையில் இருக்கும் அச்சைத்தான் எதற்குத் தூக்கிப் போடுவார்? வியட்நாம் போர்க் காலத்தில் தாய்லாந்தின் கோராட், உடோன், ஊதாபாவ் போன்ற தளங்களில் இருந்த அமெரிக்கப் படையினர் ஊருக்கு அனுப்பிய பிரேஸ்லெட்டுகள், கைப்பொத்தான்கள், சிகரெட் பெட்டிகள் பலவற்றில் 'சயாம்' என்றே இருக்கிறது. நாட்டின் பெயர் மாறி இருபது, முப்பது ஆண்டுகள் கழித்து விற்றவை அவை.

எனவே இப்படி வைத்துக்கொள்ளுங்கள். பொருளில் 'தாய்லாந்து' என்று இருந்தால் அது 1939 ஜூனுக்கு முந்தையதாக இருக்கவே முடியாது. 'சயாம்' என்று இருந்தால் 1939க்கு முந்தையதாகவும் இருக்கலாம், 1970இல் செய்ததாகவும் இருக்கலாம். முதல் முத்திரை ஒரு பக்கத்துக் கதவைச் சாத்துகிறது. இரண்டாவது எந்தக் கதவையும் சாத்தவில்லை. அண்ணன் இரண்டும் ஒரே மாதிரி என்று நினைத்துவிட்டார். பல வியாபாரிகளும் அப்படித்தான் சொல்கிறார்கள், சிலர் தெரிந்தேகூட.

வேறு சில முத்திரைகளையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், வீட்டில் இன்னும் ஏதாவது கிடைத்தால் உதவும். '925' என்று வெறும் எண் மட்டும் இருந்தால் பொதுவாக அண்மைக் காலத்தது. 'தாய் நகோன்', 'அலெக்ஸ் அண்ட் கோ' போன்று கடைப் பெயரும் சேர்ந்திருந்தால், அந்தக் கடையின் மற்றப் பொருட்களோடு ஒப்பிட ஒரு வழி பிறக்கும். பிரிட்டனுக்குள் இறக்குமதியாகி அங்கே சோதிக்கப்பட்ட பொருளாக இருந்தால் அந்த நாட்டின் சிறிய முத்திரைகள் வரிசையாக இருக்கும். அதில் ஆண்டெழுத்து இருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம், உள்ளே வந்த ஆண்டே கிடைத்துவிடும். முத்திரை அச்சால் அடித்ததா, ஊசியால் ஒவ்வோர் எழுத்தாகக் கையால் வெட்டியதா என்றும் பாருங்கள். கையால் வெட்டிய 'சயாம்' பெரும்பாலும் முந்தைய காலப் பொருட்களில்தான் வரும். உங்கள் இரண்டிலும் இருப்பது அச்சு.

அப்படியானால் எதை வைத்துக் காலம் சொல்வது?

பொருளை வைத்துத்தான். முத்திரை ஒரு சாட்சி, அவ்வளவே. வேலைப்பாடு, கொக்கி, தேய்மானம், கூட வந்த பெட்டி எல்லாம் மற்ற சாட்சிகள்.

பிரேஸ்லெட்டை எடுத்துக்கொள்வோம். ஏழு தகடுகளையும் நெருக்கத்தில் படம் எடுத்து அனுப்பியதற்கு நன்றி. பலர் ஒரே ஒரு மங்கலான படத்தோடு நிறுத்திவிடுவார்கள். மூன்றாவது தகட்டிலும் ஆறாவது தகட்டிலும் ஒரே அபிநயத்தில் ஒரே நாட்டியப் பெண். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மூன்றாவதில் கிரீடத்தின் நுனி சற்று இடப்பக்கம் சாய்கிறது, ஆறாவதில் நேராக நிற்கிறது. ஒன்றில் இடது கை விரல்கள் நான்கு தனித்தனியாகத் தெரிகின்றன. மற்றதில் இரண்டு விரல்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. முகத்தில் கண்ணுக்கும் புருவத்துக்கும் வெட்டிய கோடு மெல்லியதாகத் தொடங்கி நடுவில் தடித்து மறுபடி மெலிகிறது. சீவுளியைக் கையால் தள்ளினால்தான் கோடு அப்படி வரும். பிற்காலத்தில் வேலையை விரைவாக்க, உருவத்தைத் தகட்டின் மேல் அச்சாகப் பதித்து, மீதி இடத்தை அமிலத்தால் அரிக்கவிடும் முறை பரவியது. அந்த முறையில் ஏழு தகட்டிலும் ஏழு உருவமும் மயிரிழை பிசகாமல் ஒன்றுபோல இருக்கும், கோடுகளும் ஒரே தடிமனாக இருக்கும். உங்களுடையது கைவேலை. இதை நான் உறுதியாகவே சொல்கிறேன்.

கைவேலை என்பதாலேயே போருக்கு முந்தையது ஆகிவிடாது. போருக்குப் பிறகும் கையால் செய்த பட்டறைகள் நிறைய. முத்திரையின் அமைப்பு, நாக்கைப் பெட்டிக்குள் தள்ளும் கொக்கி, தகடுகளின் கனம் எல்லாம் சேர்த்துப் பார்த்தால், போர் முடிந்ததிலிருந்து 1950களின் கடைசிக்குள் என்று வைப்பேன். 1930களின் கடைசி என்று ஒருவர் வாதாடினால் அதை அடியோடு மறுக்க இந்தப் படங்களில் ஆதாரம் இல்லை. அதை நிரூபிக்கவும் இல்லை. அந்த இரண்டாவது வாக்கியத்தை அண்ணனிடம் அழுத்திச் சொல்லுங்கள்.

புரூச்சின் கதை தெளிவானது. கறுப்புக்குப் பதிலாக வெள்ளை, நீலம், பச்சை, சிவப்பு என்று எனாமல் வைத்த சயாம் நகைகள் பொதுவாகப் போருக்குப் பின் வந்த மோஸ்தர். அதோடு உங்கள் பெட்டி. மூடியின் உட்புறத் துணியில் தங்க எழுத்தில் ஒரு கடைப் பெயரும், அதற்குக் கீழே 'பாங்காக், தாய்லாந்து' என்றும் அச்சிட்டிருக்கிறது. நீங்கள் அனுப்பிய ஐந்தாவது படத்தில் நன்றாகவே தெரிகிறது. உள்ளே இருக்கும் மெத்தையில் புரூச்சின் வடிவத்துக்கே பள்ளம் அழுந்தியிருக்கிறது. வேறெங்கிருந்தோ வந்த பெட்டி என்று சொல்ல முடியாது. நகையின் முதுகில் சயாம், அது விற்ற பெட்டியில் தாய்லாந்து! நான் மேலே சொன்னதற்கு இதைவிட நல்ல சான்றை நானே தேடினாலும் கிடைக்காது. 1950கள் அல்லது 60கள் என்பது என் கணிப்பு. பெட்டியில் முகவரி முழுவதும் இருந்தால் அதில் ஐந்து இலக்க அஞ்சல் எண் இருக்கிறதா என்று பாருங்கள். தாய்லாந்தில் அது 1982இல்தான் வந்தது. இருந்தால் என் கணிப்பையே இன்னும் பின்னால் தள்ள வேண்டிவரும்.

புரூச்சில் இருக்கும் பெண் யார் என்று கேட்டிருந்தீர்கள். உயர்த்திய கையில் ஒரு ரத்தின மணியைப் பிடித்திருக்கிறாள் அல்லவா, அவள் மேக்கலா. மின்னலின் தேவதை, கடலின் காவல் தெய்வம். கோடரியோடு அவளைத் துரத்துகிறவன் ராமசூன், இடியின் தெய்வம். அவள் மணியைத் திருப்பும்போது தெறிக்கும் ஒளி மின்னல், அவன் கோடரியை எறிய எழும் ஓசை இடி என்பது அங்குள்ள கதை. நமக்கும் அவள் அந்நியம் இல்லை. கோவலனின் முன்னோரைக் கடலில் காப்பாற்றி, அதனால் அவன் மகளுக்குப் பெயராகி வந்த மணிமேகலா தெய்வம்தான் இவள். இந்த நகைகளில் மிக அதிகமாக வருவதும் இவள் உருவமே. அதனால் இவளை வைத்துக் காலத்தைச் சொல்ல முடியாது. ஆனால் அம்மா அணிந்திருந்தது யாரை என்று உங்களுக்குத் தெரிய வேண்டும்.

எடைக்குப் போடச் சொன்ன அந்த டப்பி

முத்திரை இல்லாததால் போலியோ என்று பயந்திருக்கிறீர்கள். முத்திரை வெளிநாட்டு வாங்குபவருக்காக என்று பார்த்தோம். உள்ளூர்க்காரர் தன் வீட்டு வெற்றிலைத் தட்டுக்குச் செய்யச் சொன்ன டப்பியில் 'சயாம்' என்று எதற்கு ஆங்கிலத்தில் அடிக்க வேண்டும்? சயாமிலும் நம் பாட்டிமார் வீட்டைப் போலவே வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு புழங்கியது. ஒவ்வொன்றுக்கும் ஒரு டப்பி, எல்லாம் சேர்ந்த ஒரு செட். அரச சபையில் அது தகுதியின் அடையாளம்கூட. 1856இல் மன்னர் மோங்குட் அமெரிக்க அதிபருக்கு அனுப்பிய பரிசுகளிலும் நியெல்லோ பாத்திரங்கள் உண்டு. அவை இன்றும் ஸ்மித்சோனியன் சேகரிப்பில் இருக்கின்றன. உங்கள் டப்பி அரண்மனைப் பொருள் என்று நான் சொல்லவரவில்லை. முத்திரை இல்லாதது குறை இல்லை, சில சமயம் அதுதான் பழமையின் பக்கம் கைகாட்டும் என்கிறேன். மூன்றில் எனக்கு அதிக ஆர்வம் தருவது இதுதான்.

படத்தில் நான் பார்ப்பதைச் சொல்கிறேன். மூடியின் மேல் தீச்சுடர் போன்ற இலைக்கொடி வேலை. கொடியின் வளைவுகள் ஒன்றுபோல் ஒன்று இல்லை. மூடியின் விளிம்பில், விரல் படுகிற இரண்டு இடத்தில் மட்டும் கறுப்பு தேய்ந்து வெள்ளி எட்டிப்பார்க்கிறது. செயற்கையாகப் பழமையாக்கியவர்கள் பெரும்பாலும் சுற்றிலும் சமமாகத் தேய்ப்பார்கள். உட்புற மூலையில் வெள்ளையாகக் காய்ந்து ஒட்டியிருப்பதை அழுக்கு என்று எழுதியிருக்கிறீர்கள். சுண்ணாம்பாக இருக்க நல்ல வாய்ப்பு. அதைச் சுரண்டாதீர்கள். இந்த டப்பி உண்மையில் புழங்கியது என்பதற்கு அதுவே சாட்சி.

அடிப்பக்கக் கீறல்களைப் பற்றி ஒரு சோதனை. அந்த ஊரின் பழைய வெள்ளிப் பாத்திரங்கள் சிலவற்றில் எடையை 'பாத்' கணக்கில் கீறி வைப்பதுண்டு. பாத் என்பது பணத்துக்கு மட்டும் பெயர் இல்லை, எடைக்கும் அதுவே பெயர். ஒரு பாத் ஏறக்குறைய 15 கிராம். டப்பியைச் சமையலறைத் தராசில் மூடியோடும் மூடி இல்லாமலும் நிறுத்துப் பாருங்கள். கீறலில் தாய் எண் ஏதாவது இருந்து, அதை 15ஆல் பெருக்கினால் வருவது உங்கள் எடைக்குப் பக்கத்தில் இருந்தால், அந்தக் கீறல் வெறும் கீறல் இல்லை.

வெள்ளிதானா என்ற சந்தேகத்துக்கு நகைக்கடையில் உரைகல்லும் அமிலமும் வேண்டாம். எக்ஸ்-கதிர் வைத்துப் பார்க்கும் எக்ஸ்ஆர்எஃப் கருவி இப்போது பெரிய நகைக்கடைகளிலும் அடகுக்கடைகளிலும் இருக்கிறது. பொருளுக்குச் சேதமில்லை. ஆனால் கறுப்பு இல்லாத அடிப்பக்கத்தில் வைக்கச் சொல்லுங்கள். கறுப்பின் மேல் வைத்தால் ஈயமும் செம்பும் எகிறி, "இது வெள்ளியே இல்லை" என்று சொல்லிவிடுவார்கள். எண் 925ஆக வராவிட்டாலும் கவலை வேண்டாம். உள்ளூர் பழைய வேலையில் நாணயத்தை உருக்கியும் உடைந்த பாத்திரத்தை உருக்கியும் செய்வார்கள். அளவு கொஞ்சம் முன்பின்னாகத்தான் இருக்கும்.

தாத்தா சொன்னதும் அம்மா சொன்னதும்

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி, "அம்மா சொன்னது பொய்யா" என்பது.

போரின்போது ஜப்பானியர் போட்ட சயாம்-பர்மா ரயில் பாதை, சயாமின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர். 1942 நடுவில் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்த பாதை. மலாயாத் தோட்டங்களிலிருந்து அதற்கு இழுத்துச் செல்லப்பட்ட தமிழர்கள் பல்லாயிரம் பேர். காலராவிலும் பசியிலும் போனவர்களுக்குக் கல்லறைகூட இல்லை. உயிரோடு இருந்தவர்களும் உடனே வீடு திரும்பவில்லை. பலர் போர் முடிந்த பிறகுதான், 1945 கடைசியிலும் 1946லும், ஊர் வந்து சேர்ந்தார்கள். அந்த மாதங்களில் அந்த நாட்டின் பெயர் என்ன என்று மேலே பார்த்தோம். சயாம்தான். ரயிலில் வந்திருந்தால் தெற்குப் பாதையில், நகோன் சி தம்மராத்துக்குப் பிரியும் கிளையைத் தாண்டி, ஹாட்யாய் வழியாகத்தான் வந்திருப்பார்.

ஆகவே தாத்தா ஒரு வெள்ளிப் பொருளோடு வந்திருக்க முடியுமா என்றால், முடியும். மூன்றோடும் வந்தாரா என்றால், என் கணிப்பில் புரூச் அதில் இல்லை. பிரேஸ்லெட் சந்தேகம். டப்பி பொருந்துகிறது. ஆண்டுகள் போகப்போக ஒரே டின்னில் இருக்கும் எல்லாவற்றுக்கும் ஒரே கதை ஒட்டிக்கொள்வது வீடுகளில் நடப்பதுதான். அதில் பொய் எதுவும் இல்லை. கெடாவிலிருந்து ஹாட்யாய் போய்வருவது நம் குடும்பங்களில் சாதாரணம். புரூச்சை அப்பாவோ மாமாவோ அங்கிருந்து அம்மாவுக்கு வாங்கி வந்திருக்கலாம். அம்மாவின் அக்கா தங்கை யாராவது இருந்தால், விற்பதைப் பற்றிப் பேசாமல், படத்தை மட்டும் காட்டிக் கேளுங்கள். அம்மாவின் பழைய போட்டோக்களில் அந்தப் புரூச் சேலையில் குத்தியிருக்கிறதா என்று தேடுங்கள். தேதி போட்ட ஒரு கல்யாணப் போட்டோ கிடைத்தால் என் கணிப்பைவிட அது பெரிய ஆதாரம்.

விற்பது பற்றி

"போருக்கு முந்தையது" என்று எழுதிக் கையெழுத்துப் போடாதீர்கள். அண்ணனையும் போட விடாதீர்கள். நான் வழக்கறிஞர் இல்லை. ஆனால் இந்தத் தொழிலில் இருப்பவர்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டிய அளவுக்குச் சொல்கிறேன். மலேசியாவின் 1957ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைச் சட்டப்படி, விவரித்து விற்கும் பொருள் அந்த விவரிப்புக்குப் பொருந்த வேண்டும். 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டமோ, உண்மை இல்லாத ஒன்றை ஆதாரம் இல்லாமல் உண்மை என்று அடித்துச் சொன்னால், சொன்னவர் அதை நம்பியே சொல்லியிருந்தாலும், அதைத் தவறான கூற்றாகவே பார்க்கிறது. நாளை அந்த வியாபாரி யாருக்கோ விற்று, அவர் பெட்டியில் 'தாய்லாந்து' என்று படித்துவிட்டுத் திரும்பி வந்தால், உங்கள் கையெழுத்து உள்ள தாள்தான் முன்னால் வரும். பொருளை நன்றாகத் தெரிந்த வியாபாரிக்கு உங்களிடமிருந்து அப்படி ஒரு தாள் எதற்கு என்றும் யோசியுங்கள். உள்ளதை உள்ளபடி எழுதலாம்: "சயாம் ஸ்டெர்லிங் முத்திரை, கையால் வெட்டிய நியெல்லோ வேலை, காலம் உறுதியில்லை." இதில் யாரும் குற்றம் காண முடியாது.

இன்னொன்று. உயில் இல்லாமல் காலமானவரின் உடைமையில், 1958ஆம் ஆண்டுப் பங்கீட்டுச் சட்டப்படி, கணவரும் பெற்றோரும் இல்லாத நிலையில் பிள்ளைகள் மூவருக்கும் சம உரிமை. அண்ணன் மூத்தவர் என்பதால் தனியாக விற்கும் உரிமை அவருக்கு வராது. இதைச் சண்டையாக ஆக்க வேண்டாம். தங்கையையும் உட்காரவைத்து மூவரும் பேசுங்கள். மேற்கொண்டு முறைப்படி செய்ய வேண்டியதை ஒரு வழக்கறிஞரிடமோ, அரசின் அறங்காவல் நிறுவனமான அமானா ராயாவிலோ கேளுங்கள்.

விலையில் பெரிய கனவும் வேண்டாம். சயாம் ஸ்டெர்லிங் பிரேஸ்லெட்டுகள் உலகெங்கும் ஏராளமாகக் கிடைக்கின்றன. 1939 என்ற ஆண்டால் மட்டும் விலை எகிறிவிடாது. வேலைப்பாட்டின் தரத்துக்குத்தான் கூடும். உங்கள் பிரேஸ்லெட் அந்த வகையில் நல்ல பொருள், எடை விலையைவிட மேலாகப் போகும். மூவரும் சேர்ந்து ஒன்றை விற்பது என்று முடிவெடுத்தால், என் மனத்துக்குப் பட்டதைச் சொல்கிறேன்: பிரேஸ்லெட்டை விற்கலாம். புரூச்சைப் பெட்டியோடு வைத்திருங்கள், பிரித்தால் இரண்டுக்கும் மதிப்பு குறையும். டப்பியை இப்போதைக்கு யாருக்கும் கொடுக்காதீர்கள், எடைக்கு நிச்சயமாகக் கொடுக்காதீர்கள். உருக்குக்குப் போனால் அது ஒரு கைப்பிடி வெள்ளி மட்டும்தான்.

பராமரிப்பு

மெல்லிய பருத்தித் துணியால் துடைத்தால் போதும். மிகவும் மங்கியிருந்தால் மிதமான சோப்பு கலந்த தண்ணீரில் துணியை நனைத்துத் துடைத்து, உடனே உலர்த்துங்கள். பற்பசை, விபூதி, சோடா உப்பும் அலுமினியத் தாளும் வைத்துச் செய்கிற வைத்தியம் எதுவும் வேண்டாம். அல்ட்ராசானிக் தொட்டியில் போட்டால் எனாமல் தெறிக்கும். பிரேஸ்லெட்டின் ஒரு வளையம் தளர்ந்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். ஆசாரியிடம் கொடுத்தால் நெருப்பு வைத்துப் பற்றவைக்க வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். வெள்ளி உருகுவதற்கு வெகு முன்பே நியெல்லோ உருகி ஓடிவிடும். அதில் உள்ள ஈயம் சூட்டில் வெள்ளியையும் அரித்துக் குழி விழச் செய்யும். வளையத்தை இடுக்கியால் நெருக்கி மூடினாலே போதும். ஈயம் இருப்பதால் சின்னப் பிள்ளைகள் வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். டப்பியில் சாப்பிடுகிற எதையும் போட்டு வைக்காதீர்கள். மூன்றையும் தனித்தனியாகப் பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். ரப்பர் பேண்ட் வேண்டாம், அதில் உள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்கவைக்கும்.

டப்பியின் அடிப்பக்கத்தை, விளக்கு பக்கவாட்டிலிருந்து சாய்வாக விழும்படி வைத்து நெருக்கத்தில் ஒரு படம், மூடியைத் திறந்து உட்புறத்தில் ஒரு படம், இரண்டு எடைகள். இவற்றை அனுப்புங்கள். கீறலில் இருப்பது எண்ணா, எழுத்தா, உடைமையாளர் பெயரா என்று பார்த்துச் சொல்கிறேன்.